ஒன்பது பேர் திருத்திய கதை

பதிப்பகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்காக, கைப்பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்வது எப்படி என்று நாலு வார்த்தை எழுதித் தரும்படி பதிப்பாளர் கேட்டார். நான் கல்லூரியில் தமிழ் நடத்தியவன். ஓய்வுக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடம் அரியலூரில் இந்தப் பதிப்பகத்துக்குப் பிரதி பார்த்தவன். கருத்துச் சொல்வது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதைவிட எளிதான வேலை கிடையாது. மூக்கில் கண்ணாடியும் கையில் பென்சிலும் இருந்தால் போதும். அதனால் அதை விட்டுவிட்டு, சொல்லாமல் இருப்பது எப்படி என்று எழுதுகிறேன். அதைத் தாமதமாகத்தான் கற்றேன். அதற்குள் ஒரு நல்ல புத்தகத்தைக் கெடுத்துவிட்டேன்.

பெரம்பலூரில் ஒரு டுட்டோரியல் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் கூடுவோம். பார்வைக் குழு என்று பெயர். என்னோடு ஒன்பது பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடுவில் உட்காருவார். ஒரு வக்கீல், வங்கியில் இருந்துகொண்டு கவிதை எழுதும் ஒருவர், முனைவர் பட்டம் வாங்கியதை முதல் வாக்கியத்திலேயே தெரிவித்துவிடும் ஒருவர். மற்றவர்களும் இதே ரகம்தான். பதிப்பகத்துக்கு வரும் எந்தப் பிரதியும் எங்கள் கையைத் தாண்டாமல் அச்சுக்குப் போகாது. எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். நல்ல புத்தகம் எழுதியவர் ஒருவரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குழுவுக்கு ஒரு விதி இருந்தது. பாராட்டக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு குறையாவது சொல்லியே தீரவேண்டும். ஒன்பதாவது ஆள் சொல்லி முடித்த பிறகுதான் கீழே கடையிலிருந்து போண்டாவும் டீயும் மேலே வரும். "ஒருத்தர் முதுக ஒருத்தர் சொறியிற சங்கம் இல்ல சார் இது" என்று தலைமையாசிரியர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நாங்களும் முதன்முறை கேட்பதுபோலத் தலையாட்டுவோம். மற்ற ஊர்களில் எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்தே கெட்டார்கள் என்றும், நாங்கள் மட்டும் நேர்மையானவர்கள் என்றும் எங்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

இந்த விதியின் கோளாறு என்ன என்று யோசித்துப் பாருங்கள். மோசமான பிரதி வந்தால் ஆபத்தே இல்லை. குறைகள் மேலாகவே மிதக்கும். ஆளுக்கு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு போண்டாவுக்குப் போய்விடலாம். ஒரு ஒப்பந்தக்காரர் தன் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்தார். பத்து நிமிடத்தில் முடித்தோம். அந்தப் புத்தகம் அவர் பேத்தி கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காயோடு போனது. யாருக்கும் நஷ்டம் இல்லை. நல்ல பிரதி வந்தால்தான் சிக்கல். குறை கண்ணில் படாது. ஆனால் சொல்லியாக வேண்டும். தோண்டவேண்டும். தோண்டினால் உயிருள்ள இடத்தில்தான் கை போய் நிற்கும்.

வளர்மதியின் பிரதி அப்படித்தான் எங்களிடம் வந்தது.

அவர் தா.பழூர் பக்கத்தில் ரேஷன் கடை விற்பனையாளர். அவர் பாட்டன் காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டு அறுத்த குடும்பம். இந்தத் தலைமுறையில் ஒருவர் போலீஸ், ஒருவர் நர்ஸ், இவர் ரேஷன் கடை. நாள் முழுக்க ஊர் முழுவதும் அவர் முன்னால் வந்து நின்று பேசிவிட்டுப் போகும். அதையெல்லாம் கேட்டுக் கேட்டு வந்த நாக்கு அவருக்கு. மாமியார் இறந்ததையும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததையும் நாவலாக எழுதியிருந்தார். தலைப்பு, 'மாமியார் செத்த கதை'.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் அதைப் பிரித்தேன். முதல் பத்தி இது:

"எங்க மாமியார் செத்த அன்னிக்கு வூட்ல ரெண்டு பேருக்குத்தான் பசிச்சுது. ஒண்ணு நான். இன்னொண்ணு ஆடு. ஆடு வாய் விட்டுக் கத்திருச்சு. நான் மருமவ, கத்த முடியுமா."

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அடுத்த பக்கத்திலும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய், ஓர் இடத்தில் மேலே படிக்க முடியாமல் பிரதியை மூடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிரதி பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி எனக்கு நேர்ந்தது மிகக் குறைவு.

அந்த வாரம் ஞாயிறு, குழு கூடியது. வளர்மதியும் வந்திருந்தார். கடைசி நாற்காலியில், அதிலும் பாதியில் உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியர் தொடங்கினார். சாவு வீட்டில் பசியைப் பற்றிப் பேசுவது நம் பண்பாடு இல்லை என்றார். வக்கீல், முதல் பக்கத்தில் வந்த ஆடு அப்புறம் கதையில் எங்கே போனது என்று குறுக்கு விசாரணை செய்தார். வங்கிக் கவிஞருக்குப் படிமம் போதவில்லை. முனைவர், வட்டார வழக்கு உரையாடலில் வரலாம், கதை சொல்பவரே அப்படிப் பேசுவது முறையல்ல என்றார். ஒருவர் மாமியாரின் இளமைக்காலத்தைச் சேர்க்கச் சொன்னார். அவருக்கு அடுத்தவர் மாமியாரைப் பற்றி இவ்வளவு வேண்டாம் என்றார். இரண்டையும் வளர்மதி தலை நிமிராமல் குறித்துக்கொண்டார். ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் யோசனைகள் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. டீக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவதாக நான் பேசினேன். பஸ்ஸில் சிரித்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அது பாராட்டாகிவிடும், விதி இடம் தராது. ஆகவே மரணத்துக்கு உரிய கனம் தொனியில் இல்லை என்றேன். எந்தத் தொனி என்னைப் பொது இடத்தில் மானம் போகச் சிரிக்க வைத்ததோ, அதையேதான் குறை என்று எடுத்துக் கொடுத்தேன். தலைமையாசிரியர் "கரெக்டாப் புடிச்சீங்க" என்றார். எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது.

போண்டா தின்றுவிட்டு இறங்கும்போது மாடிப்படியில் வளர்மதி எனக்காக நின்றார்.

"சார், ஒம்போது பேர் சொன்னதையும் மாத்துனா, என்ன சார் மிச்சம் இருக்கும்?"

கேலியாகக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தகவல்தான். படித்த ஒரு மனிதனுக்கு இது என்ன செய்தது என்ற தகவல். அது என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் தலைமையாசிரியர் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நல்லது மிச்சம் இருக்கும்மா" என்றேன்.

இதை அன்றைக்குப் பெரிய ஞானம் என்று நினைத்துக்கொண்டேன். இன்று நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் மாற்றினார். எல்லாவற்றையும் மாற்றினார். எங்களைப் போன்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் எழுதியதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதே அவருக்குப் பெரிய மரியாதையாகப் பட்டிருக்கிறது. மரியாதைக்கு மரியாதை செய்தார். திருத்திய பிரதி வந்தது. மறுபடி ஒன்பது பேர், மறுபடி ஒன்பது குறைகள். போன தடவை சேர்க்கச் சொன்னதை இந்தத் தடவை எடுக்கச் சொன்னோம். இப்படிப் பல சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிரதி திருத்தமாகிக்கொண்டே வந்தது, அதன் கண்ணில் இருந்த வெளிச்சம் மட்டும் மங்கிக்கொண்டே போனது. தலைப்பை 'வேர்களின் விம்மல்' என்று மாற்றியது கவிஞர். கடைசியில் முதல் பத்தி இப்படி நின்றது:

"மாமியார் மறைந்த அன்று இல்லமெங்கும் துயரம் கவிந்திருந்தது. முற்றத்தில் மௌனம் ஒரு பறவையைப்போல் அமர்ந்திருந்தது."

முற்றமே இல்லாத வீடு அது. மௌனம் என்ன பறவை, கொக்கா குருவியா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஆடு எங்கே என்று கேட்ட வக்கீலுக்கும் பறவை எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த மாடியில் முட்டாள்தனமாகப் பேசியவர்கள் குறைவு. ஒவ்வொருவர் சொன்னதையும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால், எங்கேயோ எந்தக் கதைக்கோ பொருந்தும். ஆனால் ஒவ்வொருவரும் தான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போமோ அந்தக் கதையைத்தான் கேட்டோம். ஒன்பது பேரும் எழுதாத ஒன்பது கதைகளை அந்தப் பெண் தலையில் ஏற்றினோம். பாரம் தாங்காமல் அவர் கதை அடியில் நசுங்கியது.

அச்சுக்கு முன்னால் கடைசித் திருத்தத்துக்குப் பிரதி என்னிடம் வந்தது. ஒரே மூச்சில் படித்தேன். ஒரு இடத்தில்கூட உதடு அசையவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. வளர்மதிக்கு போன் செய்து, முதலில் எழுதியதை அப்படியே போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். போன வாரம் எடுத்துப் பாத்தேன். கூச்சமா இருக்கு. எங்க பாத்தாலும் தப்பாத் தெரியுது."

பிரதி பத்திரமாகத்தான் இருந்தது. அவர்தான் எங்கள் கண்ணால் அதைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். தொலைந்த பக்கங்களைத் தேடி எடுத்துவிடலாம். ஒருவர் தன் பேச்சையே கேட்டுக் கூச ஆரம்பித்துவிட்டால், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அப்போதும் நேரம் இருந்தது. பதிப்பாளரிடம் போய், நிறுத்துங்கள், நாங்கள் கெடுத்துவிட்டோம், ஆறு மாதம் அவரைச் சும்மா விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். புத்தகத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. குழுவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலையும் இருந்தது. "என்ன சார், போட்டுடலாமா?" என்று பதிப்பாளர் கேட்டார். "போட்டுடுங்க" என்றேன்.

வெளியீட்டு விழாவில் விதி தளர்த்தப்பட்டது. பாராட்டலாம். ஒன்பது பேரும் மேடையில். ஒவ்வொருவரும் புத்தகத்தில் தன் வாக்கியத்தைக் கண்டுபிடித்துப் படித்துக் காட்டிப் பூரித்தோம். மௌனப் பறவையைக் கவிஞர் இரண்டு முறை படித்தார். வளர்மதிக்குப் பூரிக்க அதில் அவருடையது ஒன்றும் இல்லை. மீன்சுருட்டியிலிருந்து அவருடைய நாத்தனார் வந்திருந்தார். செத்துப்போன அம்மாவைப் பற்றிய புத்தகம் என்று ஆசையாக வாங்கிக் கொஞ்சம் படித்தவர், சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து வளர்மதியிடம் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குண்ணி. ஆனா நீங்க பேசுற மாதிரியே இல்லியே. டிவில நியூஸ் வாசிக்கிறவங்க வந்து எங்கம்மா செத்தத சொல்ற மாதிரி இருக்கு."

வளர்மதி சிரித்தார். "படிச்சவங்க திருத்துனது. அப்படித்தான் இருக்கும். நீ பாயசம் ஊத்திக்க."

ஒன்பது பேர் பல மாதம் பேசியதைவிட, அந்த நாத்தனார் பந்தியில் சொன்னதில்தான் விமர்சனம் இருந்தது. அவர் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. தனக்கு என்ன கேட்டது என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு வளர்மதி எழுதவில்லை. பதிப்பாளர் கேட்டபோதெல்லாம் கடையில் வேலை அதிகம் என்றாராம். நான் குழுவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். உடனே மனம் திருந்தி விலகினேன் என்று சொன்னால் பொய். பிறகு குழு வாட்ஸ்அப்புக்கு மாறியது. போண்டா நின்றது, குறைகள் நிற்கவில்லை. முன்பு மாதம் ஒரு முறை சொன்னதை இப்போது பல் தேய்க்கும்போதும் சொல்ல முடிந்தது. உங்கள் தலைமுறை இன்னும் முன்னேறிவிட்டது. எழுதுபவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, கணினியில் அவர் பக்கத்தின் ஓரத்தில் நாலு பேர் குமிழ் குமிழாகக் கருத்து ஊதுகிறீர்கள். வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி விழுவதற்குள் மூன்று குமிழ். அடுப்பில் சோறு கொதிக்கும்போதே ஆளுக்கு ஒரு பிடி உப்பைப் போட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து கரிக்கிறது என்று எழுந்துபோகும் கூட்டம் நாம்.

ஒருநாள் தா.பழூர் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போனவன், திரும்பும் வழியில் அந்த ரேஷன் கடையில் நின்றேன். வரிசை நீளமாக இருந்தது. ஒரு பெரியவருக்கு இயந்திரத்தில் கைரேகை விழவில்லை. வளர்மதி அவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க சார், ஒக்காருங்க" என்று காலி எண்ணெய் டின் ஒன்றைக் காட்டினார். அங்கே உட்கார்ந்து, வரிசையில் நின்றவர்கள் கேட்க, அவரிடம் சொன்னேன். அந்த நாவலை முதல் முறை பஸ்ஸில் படித்ததையும், சிரித்ததையும்.

வளர்மதியின் கை நின்றது. "எந்த எடத்துல?"

"ஆடு கத்துற எடத்துல. அப்புறம் நீங்க சோத்துப் பானையத் தூக்கி முந்தானையில மறைக்கிற எடத்துல. அப்புறம் மாமியாரோட செருப்பு வாசல்லயே கெடக்குற எடத்துல மூடி வெச்சிட்டேன். படிக்க முடியல."

"இத ஏன் சார் அன்னிக்குச் சொல்லல?"

குழுவின் விதியைச் சொன்னேன். பாராட்டக் கூடாது, குறை மட்டும்தான்.

"நல்ல ரூல் சார்" என்றார். அதைவிடக் கடுமையாக என்னை யாரும் திட்டியது இல்லை.

வரிசையிலிருந்து ஒரு அம்மா, "வளரு, சாரு சிரிச்ச கதைய அப்பறம் கேட்டுக்க. பாமாயில் இருக்கா தீந்துருச்சா, அதச் சொல்லு மொதல்ல" என்றார். வளர்மதி, "இருக்கு, இருக்கு. ஒனக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன், மகராசி" என்று எழுந்தார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அந்தப் பேச்சால் அவர் மறுபடி எழுதினார் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். அப்படிக் கொண்டாடுவதும் ஒருவகைத் திருத்தம்தான். அவர் எப்போது தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் காட்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கணவருக்குக்கூட.

போன மாதம் அவர் இரண்டாவது பிரதியைப் பதிப்பகத்துக்குக் கொண்டுவந்தார். நானும் தற்செயலாக அங்கே இருந்தேன். உங்களில் ஒருவர்தான் அதைக் கை நீட்டி வாங்கினீர்கள். அப்போது அவர் சொன்னதைச் சரியாகக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை, அதனால் திரும்ப எழுதுகிறேன். "ஒருத்தர் மட்டும் படிங்க. பேரு எங்கயாச்சும் மாறிப் போயிருந்தா, செத்தவங்க திரும்பி வந்துட்டாங்கன்னா சொல்லுங்க, சரி பண்றேன். அது போவ, படிக்கிறப்ப எங்க கீழ வெச்சிங்க, எங்க வெக்க முடியல, அத மட்டும் சொல்லுங்க. எப்படி எழுதணும்னு சொல்ல வேணாம்."

நான் இந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் கேட்டதிலேயே புத்தியுள்ள ஏற்பாடு அதுதான். பதிப்பாளர் பழக்க தோஷத்தில், "சாரும் ஒரு பார்வை பாத்துடட்டுமே" என்று என்னைக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம், நான் படிக்கவில்லை என்றேன்.

வளர்மதி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இரக்கமும் இல்லை.

"படிக்கலாம் சார். பேசத்தான் கூடாது."

படித்தேன். இத்தனை வருடத்தில் நான் பார்த்த வேலைகளிலேயே கடினமானது அதுதான். பக்கத்துக்குப் பக்கம் கை பென்சிலைத் தேடியது. இந்த இடம் நீளம், இந்த ஆள் எதற்கு, இந்த வசவு வேண்டுமா என்று வாய் நிறையக் கருத்து. எல்லாவற்றையும் விழுங்கினேன். அவற்றில் ஒன்றிரண்டு சரியாகக்கூட இருக்கலாம். சரியாக இருப்பதுதான் ஆபத்து. சரியான கருத்து என்றால் நாம் சொல்லாமல் இருக்கமாட்டோம், அவரும் கேட்காமல் இருக்கமாட்டார். நான் செய்த ஒரே காரியம், கீழே வைத்த இரண்டு இடங்களையும் வைக்க முடியாத இடங்களையும் பக்க எண்ணாக எழுதி அவருக்கு அனுப்பியது. "சரி சார்" என்று பதில் வந்தது.

பிரதி இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. உங்களில் யார் அதைப் படிக்கப் போகிறீர்கள் என்று பதிப்பாளர் இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறார். யாராக இருந்தாலும், மற்ற இருவரும் அதைத் திறக்காதீர்கள். முதல் பக்கம் இப்படி ஆரம்பிக்கிறது:

"அரிசி நல்லா இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்கிட்ட சொன்னதில்ல. நல்லா இல்லன்னு சொன்னவங்க ஒருத்தரும் வாங்காமப் போனதும் இல்ல."

இந்த இரண்டு வரியில் எனக்கு மூன்று குறைகள் தெரிகின்றன. படித்தவர்கள் நீங்கள், உங்களுக்கு நாலாவதும் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.